குச்சிக்கிழங்கின் குலக்கதை

வெண்ணந்தூர், ராசிபுரம் வட்டாரத்தில் ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளிக் கிழங்கு லோடு இறக்கிவிட்டு வரும் விவசாயியைப் பார்த்தால், எத்தனை டன் என்று கேட்பதற்கு முன்பே, "எத்தனை பாயிண்ட் வந்துச்சு?" என்றுதான் கேட்பார்கள். லோடிலிருந்து கொஞ்சம் கிழங்கை எடுத்து, மண்ணைத் தட்டி, தண்ணீருக்குள் அமிழ்த்தி நிறுப்பார்கள். மாவுச்சத்து தண்ணீரைவிட அடர்த்தியானது. அதனால் மாவு கூடின கிழங்கு நீருக்குள்ளும் கனம் காட்டும். நீர்த்துப்போன கிழங்கு லேசாகத் தெரியும். அந்த வித்தியாசத்தை மாவின் சதவீதமாகக் கணக்குப் போட்டால் பாயிண்ட். டன்னுக்கு, ஒரு பாயிண்ட்டுக்கு இத்தனை ரூபாய் என்று விலை. தராசு ஆலைக்காரருடையது என்பதால் இதில் சண்டைக்கும் குறைவில்லை. பாயிண்ட்டைக் குறைத்துப் போடுகிறார்கள் என்ற புகார் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர் கூட்டங்களில் பழகிப்போன ஒன்று.

அந்தத் தராசு இன்னொரு வேலையையும் சத்தமில்லாமல் செய்திருக்கிறது. மரவள்ளிக்கு இந்தியாவில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தாவர இனப்பெருக்க ஆராய்ச்சி நடக்கிறது. டஜன் கணக்கில் ரகங்கள் வந்துவிட்டன. அவற்றில் எது சேலம், நாமக்கல் சமவெளியில் நிலைக்கும், எது துண்டறிக்கையோடு நின்றுபோகும் என்பதைப் பெரும்பாலும் முடிவுசெய்தது ஆலையின் தராசுதான். ஆராய்ச்சி நிலையங்களின் சொல்லுக்கு அடுத்த இடம்தான்.

மரவள்ளி இந்த மண்ணின் பயிர் அல்ல. அமேசான் காட்டின் தெற்கு விளிம்பில், இன்றைய பிரேசில் பகுதியில், பழங்குடிகள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் காட்டுச் செடியிலிருந்து பழக்கி எடுத்தது. 17ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் வழியாகக் கேரளக் கரைக்கு வந்தது. அங்கேயும் உடனே ஊர் முழுக்கப் பரவிவிடவில்லை. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் தாவரங்களில் ஆர்வம் உள்ளவர். அவர் முனைந்து பரப்பிய பிறகே அது ஏழைகளின் சோறாயிற்று. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது திருவிதாங்கூரை உயிரோடு வைத்திருந்ததில் கப்பைக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே கப்பை, புத்தகத்தில் மரவள்ளி, சேலம் பக்கத்தில் குச்சிக்கிழங்கு. குச்சியை நட்டுக் கிழங்கு எடுப்பதால் இந்தப் பெயர் வெகு பொருத்தம்.

சேலத்துக்கு அது வந்த கதை வேறு மாதிரி. அங்கே பசியோடு வந்த கிழங்கு, இங்கே வியாபாரத்தோடு வந்தது.

இரண்டாம் உலகப் போர் வரை இந்தியாவில் விற்ற ஜவ்வரிசி மலேயாவிலிருந்தும் டச்சுக்காரர்கள் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்தும் கப்பலில் வந்தது. அசல் சேகோ என்பது அந்தத் தீவுகளில் சதுப்பு நிலத்தில் வளரும் ஒரு பனையின் தண்டுச்சோற்றில் எடுக்கும் மாவு. 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்ததும் கப்பல்கள் நின்றன. ஜவ்வரிசியும் இல்லை, துணி ஆலைகளுக்கு வேண்டிய ஸ்டார்ச்சும் இல்லை. சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியார் தொழில் நிமித்தமாகக் கேரளம் போய்வந்து கொண்டிருந்தவர். அங்கே கிழங்கு மாவைப் பார்த்திருந்தார். பினாங்கில் இருந்து வந்த போபட்லால் ஷா என்ற குஜராத்திக்கு ஜவ்வரிசி செய்யும் நுட்பம் தெரிந்திருந்தது. இருவரும் சேர்ந்து 1943இல் சேலத்தில் கையால் மாவெடுத்துக் குருணை உருட்டத் தொடங்கினார்கள். வெங்கடாசலக் கவுண்டர் என்ற கைதேர்ந்த மெக்கானிக் இயந்திரங்களைச் சீர்படுத்திக் கொடுத்தார். அடுத்த ஆண்டே ஒரு சோதனை வந்தது. பஞ்ச காலத்தில் மனிதன் தின்னும் கிழங்கை ஆலைக்குள் விடுவதா என்று மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. உற்பத்தியாளர்கள் சங்கமாகத் திரண்டு மேலே முறையிட்டுத் தடையை எடுக்கச் செய்தார்கள். இன்றைக்கு அந்தத் தடையை நினைத்துப் பார்த்தால் ஆட்சியர் பக்கமும் நியாயம் இருந்ததாகவே படுகிறது.

கேரளத்தில் கிழங்கு கொட்டிக் கிடக்க, ஆலைகள் ஏன் இங்கே வந்தன? வெயில்தான் முதல் காரணம். கிழங்கைத் தோலுரித்து, அரைத்து, வடிகட்டி, தொட்டியில் மாவைப் படியவிட்டு, ஈர மாவை உதிர்த்து, குலுக்கிக் குருணையாக்கி, சுடுதட்டில் வறுத்த பிறகு, அதைத் திறந்த களத்தில் காயவைக்க வேண்டும். நைலான் ஜவ்வரிசிக்கு வறுப்பதற்குப் பதில் ஆவியில் வேகவைப்பார்கள். அதற்கும் களம் வேண்டும். வருடத்தில் பாதி நாள் மழை பெய்யும் மலபாரில் இது ஆகாத காரியம். சேலம் சமவெளியின் செம்மண்ணும் கிணற்றுப் பாசனமும் கரும்பைவிடக் குறைந்த தண்ணீரில் கிழங்கைக் கொழுக்கவைத்தன. தை, மாசியில் நட்டால் கார்த்திகை, மார்கழியில் பிடுங்கலாம். இடையில் சின்ன வெங்காயம் ஊடுபயிராக ஒரு வரும்படி. அலவாய்மலைப் பக்கத்து வெண்ணந்தூர் போன்ற நெசவு ஊர்களுக்கு இன்னொரு சௌகரியமும் இருந்தது. தறிக்குப் போகும் கைகளைத் தினமும் காட்டுக்கு இழுக்காத வெள்ளாமை இது. நட்டு, களையெடுத்து, மண் அணைத்துவிட்டால் பிடுங்கும்வரை பெரிதாக ஆள் கேட்பதில்லை. ஆலையில் எடுத்த ஸ்டார்ச்சில் ஒரு பங்கு பாவு நூலுக்குக் கஞ்சி போடவே போயிற்று.

ஆலை பெருகியதும் பழைய ரகங்கள் போதவில்லை. 'பர்மா' என்ற பெயரில் ஒன்று, முள்ளுவாடி என்று ஊர்ப்பெயர் தாங்கிய ஒன்று என்று விவசாயிகள் தாங்களே பார்த்துப் பொறுக்கிய குச்சிகள்தான் வெகு காலம் ஓடின. இங்கேதான் ஆராய்ச்சியாளர்கள் கதைக்குள் வருகிறார்கள்.

திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் 1940களிலேயே மரவள்ளி ஆராய்ச்சியைத் தொடங்கியிருந்தது. அந்தக் காலத்தில் மலேயாவிலிருந்து வரவழைத்த எம்-4 என்ற ரகம் இன்றைக்கும் கேரளத்துச் சமையலறைகளில் பேர்பெற்றது. வேகவைத்தால் மாவாக உடையும், கசப்பில்லை. 1963இல் மத்திய அரசு திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியது. எட்டே ஆண்டுகளில், 1971இல், அங்கிருந்து மூன்று ஒட்டு ரகங்கள் வெளிவந்தன. எச்-97, எச்-165, எச்-226. சாமி பெயரோ ராஜா பெயரோ இல்லாமல், கோப்பு எண் போல வந்த இந்த மூன்றில் இரண்டு சேலம் மாவட்டத்தின் தலையெழுத்தை மாற்றின.

எட்டு ஆண்டு என்பது மரவள்ளிக்கு எவ்வளவு குறைவு என்பது செடியின் சுபாவம் தெரிந்தால்தான் புரியும். இந்தச் செடி நினைத்தபோது பூக்காது. நேராக வளரும் தண்டின் நுனிக்குருத்து ஒரு கட்டத்தில் இலை விடுவதை நிறுத்திவிட்டுப் பூங்கொத்தாக மாறும். நுனி இப்படி முடிந்துபோனதால் அதற்குக் கீழே உள்ள மொட்டுகள் இரண்டு மூன்று கிளைகளாகப் பிரியும். மரவள்ளி கவைவிடுவதும் பூப்பதும் ஒரே நிகழ்வின் இரண்டு முகங்கள். விவசாயிக்குப் பிடித்ததோ கவை விடாமல் நெட்டையாக, நேராக வளரும் செடி. நெருக்கி நடலாம், உள்ளே புகுந்து களையெடுக்கலாம், நீளக் குச்சி கிடைக்கும். ஆக, விவசாயி விரும்பும் செடி பூக்கவே மாட்டேன் என்கிறது. ஒட்டுச் சேர்க்க வேண்டியவருக்கோ பூ இல்லாமல் ஒன்றும் நடக்காது.

பூத்தாலும் பிரச்சினை தீர்வதில்லை. ஒரே கொத்தில் அடியில் பெண் பூ, மேலே ஆண் பூ. பெண் பூ முதலில் விரியும். அதே கொத்தின் ஆண் பூ விரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். இது தன் மகரந்தம் தனக்கே சேராமல் இயற்கை செய்துவைத்த ஏற்பாடு. இதனால் ஒவ்வொரு மரவள்ளிச் செடியும் கலப்பு ரத்தம். அதன் விதைகளை முளைக்கவைத்தால் ஒன்று போல் ஒன்று இருக்காது. ஒரு காயில் மூன்றே விதை. முற்றினால் வெடித்துச் சிதறும் என்பதால் காய்க்கு வலைப்பை கட்டி இரண்டு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். இப்படி ஆயிரக்கணக்கில் சேர்த்த நாற்றுகளில் தேறுவது சில. தேறிய ஒரு செடியைக் குச்சி வெட்டிப் பெருக்கினால் ஆண்டுக்கு ஒன்று பத்தாகும், அவ்வளவுதான். நெல் ஒரு போகத்தில் நூறு மடங்குக்கு மேல் பெருகும். மரவள்ளியில் ஒரு நல்ல நாற்று ஒரு ஊருக்குப் போதுமான குச்சியாக ஆகவே பல வருடம். பின்னால் ஸ்ரீகாரியத்திலேயே இரண்டு கணு மட்டும் உள்ள சிறு துண்டுகளை நாற்றங்காலில் முளைக்கவைத்து நடும் முறையைக் கொண்டுவந்து அந்தப் பெருக்கத்தைப் பல மடங்கு கூட்டினார்கள்.

எச்-226 என்பது கேரளத்து நாட்டு ரகமான ஏத்தக்கா கருப்பனும் மலேயாவின் எம்-4உம் சேர்ந்த பிள்ளை. எச்-165இன் தாய் சடையமங்கலம் வெள்ளை. கொல்லம் மாவட்டத்து ஊர்ப்பெயர். முதலாவதில் மாவு 28 முதல் 30 சதவீதம், பத்து மாதப் பயிர். இரண்டாவதில் மாவு சற்றுக் குறைவு, ஆனால் எட்டு ஒன்பது மாதத்திலேயே பிடுங்கலாம், ஹெக்டேருக்கு 33 முதல் 38 டன் வரை காணும், பெரும்பாலும் கவை விடாது. இரண்டிலும் சயனைடு கொஞ்சம் கூடுதல், கசப்பு உண்டு. கப்பையை மீன் குழம்போடு தின்னும் கேரளத்துக்காரர் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு எம்-4க்கே திரும்பினார். மாவு எடுக்கும்போது கசப்பு தண்ணீரோடு கழுவிப் போய்விடும் என்பதால் சேலத்து ஆலைக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. கேரளத்தின் வயலில் கேரள விஞ்ஞானிகள் கேரளத்துக்காக உருவாக்கிய கிழங்குகள் பாலக்காட்டுக் கணவாய் தாண்டித் தமிழ்நாட்டிலும், அதற்கப்பால் ஆந்திரத்திலும் வாழ்வு கண்டன.

அடுத்து வந்த புள்ளிவிவரம் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. 1970களின் நடுவில் கேரளத்தில் சுமார் 3 லட்சம் ஹெக்டேரில் மரவள்ளி இருந்தது. ரேஷன் அரிசியும் ரப்பரும் வந்த பிறகு அது ஒரு லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. தமிழ்நாட்டில் சேலம், நாமக்கல், தருமபுரி, கள்ளக்குறிச்சி வட்டாரங்களில் பயிர் நிலைத்தது. 1981இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவு அமைப்பு சேலத்தில் உருவாகி, தரகர் கையிலிருந்த ஜவ்வரிசி, ஸ்டார்ச் விற்பனையை ஏலத்துக்குக் கொண்டுவந்தது. மூட்டைகள் மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம் போயின. ஏகாதசிக்கும் நவராத்திரிக்கும் அங்கே அரிசி, கோதுமை தொடாத வீடுகளில் சாபுதானா கிச்சடி வேகிறது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஹெக்டேர் விளைச்சலில் இந்தியா உலக சராசரியைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு எடுக்கிறது. பாசனம் பாய்ச்சி, உரம் போட்டு, பணப்பயிராக மரவள்ளி வளர்க்கும் தமிழகச் சமவெளிகளே அதற்கு முக்கியக் காரணம்.

ஆராய்ச்சி அங்கேயே நிற்கவில்லை. 1977இல் விசாகம் திருநாள் பெயரில் ஸ்ரீ விசாகம் வந்தது. மடகாஸ்கர் ரகத்தோடு கலந்தது, உள்ளே இளமஞ்சள். கூடவே ஐந்து பெற்றோரைக் கொண்ட ஸ்ரீ சஹ்யா. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் கோ-1, கோ-2, கோ-3 என்று வரிசையாக வெளியிட்டது. சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேர்த்து ஒரு ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. பார்வைக்குப் பொருத்தமில்லாத ஜோடி, ஆனால் இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். ரப்பரும் காட்டாமணக்கும் அதே குடும்பம்தான்.

இந்த வரிசையில் விஞ்ஞான ரீதியாக மிக அழகானது ஸ்ரீ ஹர்ஷா. சாதாரண மரவள்ளிக்கு ஒவ்வொரு செல்லிலும் 36 குரோமோசோம். ஸ்ரீ சஹ்யாவின் குருத்தில் கோல்சிசின் என்ற மருந்தை இட்டு அதை 72 ஆக இரட்டிக்கச் செய்தார்கள். இரட்டித்த செடியைச் சாதாரணச் செடியோடு சேர்த்தபோது 54 குரோமோசோம் உள்ள மும்மடிச் செடி பிறந்தது. மும்மடிச் செடிக்குச் சரியாக விதை கட்டாது. நெல்லில் அது கேடு. குச்சியில் வாழும் பயிருக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. கிழங்கில் மாவு அடர்த்தி கூடியது. 1996இல் வெளியானது. அந்தக் கோல்சிசின் நம்மூர் கண்வலிக்கிழங்கிலும் இருக்கிறது. கார்த்திகையில் வேலியோரம் பூக்கும் செங்காந்தளின் கிழங்குதான் அது. தமிழ்நாட்டின் மாநிலப் பூ தரும் நஞ்சு, ஒரு பயிரின் குரோமோசோமை இரட்டிக்கும் என்பதைப் பள்ளிப் பாடத்தில் சேர்த்தால் மாணவர்கள் மறக்கமாட்டார்கள்.

அழகு வேறு, நிலைப்பது வேறு. மாவு கூடின ரகமாக இருந்தும் ஸ்ரீ ஹர்ஷா சமவெளியை ஆளவில்லை. எச்-226உம் எச்-165உம், ஐம்பது ஆண்டு கழித்தும், பக்கத்தில் முள்ளுவாடியும் தாய்லாந்து வெள்ளையும் நிற்க, விட்டுக்கொடுக்காமல் நிற்கின்றன. ஏன் என்பதற்கு விடை குச்சியில் இருக்கிறது. நெல்லில் புது ரகம் வேண்டுமானால் ஒரு பை விதை வாங்கி வரலாம். இங்கே ஒரு ஏக்கருக்கு ஆயிரக்கணக்கில் குச்சி வேண்டும்; பக்கத்துக் காட்டில் அறுவடை முடிந்து நிழலில் கட்டுக் கட்டாக நிறுத்தியிருக்கும் குச்சி சும்மாவோ சொற்ப விலைக்கோ கிடைக்கும். புது ரகத்துக் குச்சி ஆராய்ச்சி நிலையத்தில் சில நூறுதான் கிடைக்கும். ஆலைக்காரருக்கோ இத்தனை பாயிண்ட் வரும், இந்த மாதம் வரும் என்று தெரிந்த கிழங்கே வசதி. புதிய ரகத்தின் முதல் லோடு தராசில் சற்றுக் குறைத்துக் காட்டினால் போதும், அடுத்த வருடம் அந்தக் குச்சி அடுப்புக்குப் போகும்.

குச்சி ரகத்தை மட்டும் சுமப்பதில்லை, நோயையும் சுமக்கும்.

இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாக, இலை சுருங்கி, செடி குறுகிப்போனால் அது தேமல் நோய். வெள்ளை ஈ ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். ஆனால் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு அதைக் கொண்டுபோவது பெரும்பாலும் மனிதனும் அவன் தோளில் உள்ள குச்சிக் கட்டும். இந்தியாவில் 1956இல் கேரளத்தில் இந்நோய் பதிவானது. ஆச்சரியம் என்னவென்றால் மரவள்ளியின் தாய்நாடான தென் அமெரிக்காவில் இந்த நோயே கிடையாது. செடி கடல் தாண்டிப் போன ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் உள்ளூர்ச் செடிகளில் இருந்த வைரஸ்கள் புது விருந்தாளியைப் பிடித்துக்கொண்டன. எதிர்த்து நிற்கும் குணம் செடியின் முன்னோரிடம் வளர வாய்ப்பே இல்லாமல் போயிற்று. இந்திய மரவள்ளித் தேமல் வைரஸ், இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ் என்று இரண்டு இங்கே உலவுகின்றன. எச்-226க்கும் எச்-165க்கும் இவற்றிடம் பாதுகாப்பு இல்லை.

எதிர்ப்புச் சக்தியைத் தேடிய கதை தான்சானியாவின் அமானி ஆராய்ச்சி நிலையத்தில் 1930களில் தொடங்குகிறது. ஸ்டோரி, நிக்கல்ஸ் என்ற இருவர் மரவள்ளியை அதன் உறவான சியரா ரப்பர் மரத்தோடு கலந்தார்கள். பிறந்த பிள்ளைகளுக்குத் தேமல் வருவது குறைவு, ஆனால் கிழங்கு உருப்படியில்லை. மறுபடி மறுபடி மரவள்ளியோடு சேர்த்துக் கிழங்கை மீட்டார்கள். அந்த வழியில் பிறந்த விதைகள் நைஜீரியா போய், இபாதானில் உள்ள சர்வதேச வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தில் கொரியரான ஹான் 1970களில் தொடங்கிய பெரிய திட்டத்துக்கு அடித்தளம் ஆயின. பின்னர் மேற்கு ஆப்பிரிக்க விவசாயிகள் தாங்களே காத்துவந்த நாட்டு ரகங்களில் இன்னும் வலுவான எதிர்ப்பு இருப்பது தெரிந்தது. ஒரே இடத்தில் அமைந்த அந்த மரபுக் கூறுக்கு சி.எம்.டி-2 என்று பெயர் வைத்தார்கள். நைஜீரியாவிலிருந்து ஸ்ரீகாரியத்துக்கு வந்த ரகங்களில் தேர்ந்ததே ஸ்ரீ பத்மநாபா. தமிழ்நாட்டுக்கென்றே பரிந்துரைத்த, தேமல் தாக்காத ரகம். அதைப் பெற்றோராக வைத்து மேலும் பல ரகங்கள் உருவாயின. ஸ்ரீ ரக்ஷா அந்த எதிர்ப்புச் சக்தி கொண்ட பிற்காலத்து வரிசையில் ஒன்று.

சி.எம்.டி-2 உண்மையில் என்ன செய்கிறது என்பது வெகு நாள் புதிர். மரபணு மாற்ற ஆய்வுக்காக அந்த ரகங்களின் திசுவை ஆய்வகத்தில் வளர்த்துக் கரு போன்ற திரளாக்கி, அதிலிருந்து முழுச் செடியை எடுத்தபோது ஒரு விபரீதம் தெரிந்தது. தோற்றத்தில் அதே செடி. ஆனால் தேமல் எதிர்ப்பு காணாமல் போயிருந்தது. ஆப்பிரிக்காவுக்கான ஒரு பெரிய உயிர்த்தொழில்நுட்பத் திட்டத்துக்கே இது தலைவலி ஆயிற்று. 2022இல் ஒரு சர்வதேசக் குழு காரணத்தை எட்டியது. செல் பிரியும்போது டி.என்.ஏ.வை நகலெடுக்கும் நொதியின் ஒரு பாகத்தில், ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருப்பதுதான் அந்த எதிர்ப்பு. வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ளச் செடியின் நகலெடுக்கும் சாதனத்தையே நம்பியிருப்பதால், அந்தச் சிறு மாற்றமே அதற்குக் கதவடைத்துவிடுகிறது. நோய்க்கு எதிரான ஆயுதம் எங்கோ பாதுகாப்புப் படையில் இருக்கும் என்று தேடியவர்களுக்கு அது நகலெடுக்கும் இடத்தில் கிடைத்தது.

பூப்பதில் உள்ள பழைய தகராறுக்கும் வழி பிறந்தது. சூரிக்கில் உள்ள ஆய்வுக்குழு 2018இல் மரவள்ளியின் மாவில் ஒரு கூறை மரபணுத் திருத்தத்தால் நீக்கியது. அமைலோஸ் இல்லாத, வேகவைத்தால் பசைபோல் நிற்கும் ஸ்டார்ச். உணவுத் தொழிலும் காகிதத் தொழிலும் கேட்பது. அதோடு கடுகுக் குடும்பத்துக் களை ஒன்றின் பூக்கவைக்கும் மரபணுவையும் சேர்த்து, ஆய்வகக் கண்ணாடி வீட்டிலேயே மரவள்ளியைப் பூக்கச் செய்து, விதை எடுத்துக் காட்டினார்கள். அதற்கு முன்பே 2007இல் கொலம்பியாவின் சியாட் நிறுவனம் இப்படிப்பட்ட ஸ்டார்ச் இயற்கையாகவே உள்ள ஒரு செடியைக் கண்டெடுத்ததாக அறிவித்திருந்தது. சேலத்து ஆலைகள் பெரும்பாலும் இன்னும் ஒரே வகை மாவைத்தான் விற்கின்றன. பாயிண்ட் தராசு மாவின் அளவைக் காட்டும், குணத்தைக் காட்டாது. விலை மாவின் அளவை வைத்தே இருக்கும்வரை அப்படியொரு குச்சியை எந்த விவசாயி வாங்குவார்?

2020இல் வேறொரு எதிரி வந்தான். தென் அமெரிக்க மாவுப்பூச்சி. இந்தியாவில் முதலில் திருச்சூரில் பிடிபட்டது, சீக்கிரமே சேலம், நாமக்கல், தருமபுரிக் காடுகளில் பரவியது. குருத்தை முடிச்சிட்டுச் செடியைக் குட்டையாக்கிவிடும். இதே பூச்சி 1970களில் ஆப்பிரிக்காவை உலுக்கியபோது அதன் சொந்த ஊரான பராகுவேயில் 1981இல் கண்டுபிடித்த ஒரு சின்னஞ்சிறு குளவி கண்டத்தைக் காப்பாற்றியது. அந்தப் பணியை நடத்திய ஹான்ஸ் ஹெரன் 1995இல் உலக உணவுப் பரிசு பெற்றார். அனகைரஸ் லோபெசி என்ற அந்தக் குளவியை பெங்களூரின் தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் மேற்கு ஆப்பிரிக்க பெனினிலிருந்து வரவழைத்து, தனிமையில் சோதித்து, 2022 மார்ச் 7 அன்று ஏத்தாப்பூரில் முதன்முறையாக வெளியில் பறக்கவிட்டது. இதில் விதையோ ரகமோ மாறவில்லை என்பதால் விவசாயிகள் உடனே ஏற்றார்கள். இருந்த குச்சியே இருக்கலாம் அல்லவா.

தேமலுக்கு அப்படியொரு குளவி கிடையாது. ரகத்தை மாற்றுவதுதான் வழி. அதில் யார் முந்துவார்கள் என்பது இப்போது வணிகக் கேள்வியாகவும் ஆகிவிட்டது. இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ் 2015இல் கம்போடியாவில் தென்பட்டது. 2017இல் வியட்நாம், 2018இல் தாய்லாந்து. எல்லை தாண்டிய குச்சிகளே இந்தப் பரவலுக்கு முக்கியக் காரணம். உலகச் சந்தையில் மரவள்ளி ஸ்டார்ச் ஏற்றுமதியில் முன்னணியில் நிற்பவை தாய்லாந்தும் வியட்நாமும். வியட்நாம் ஆப்பிரிக்க எதிர்ப்புச் சக்தியைக் கலந்த ரகங்களைச் சோதித்து, சில ஆண்டுகளுக்குள் விவசாயிகளின் கைக்குக் கொடுக்கத் தொடங்கிவிட்டது. அங்கே ஆலைகளே குச்சிப் பெருக்கத்துக்குப் பணம் போடுகின்றன. நாமக்கல், சேலம் பக்கத்தில் தேமல் தாக்காத குச்சி ஏத்தாப்பூரிலும் ஸ்ரீகாரியத்திலும் இருக்கிறது. அதை ஏக்கர் கணக்கில் பெருக்கி, முதல் இரண்டு பருவத்துக்கு ஒரு பாயிண்ட் குறைந்தாலும் வாங்கிக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டியவர்கள் ஆலைக்காரர்கள்.